பழுதில்லாத வாட்ச்

பிப்ரவரி 24, செவ்வாய்

ஒரு டைவ் கம்ப்யூட்டரை எந்தக் கட்டத்தில் பழுதானது என்று சொல்லலாம்? திரை தெளிவாக இருக்கிறது. பேட்டரி முக்கால் பங்கு இருக்கிறது. இன்று காலை பக்கெட்டில் அமிழ்த்திப் பார்த்தேன். ஈரம் பட்டதும் விழித்துக்கொண்டது.

கையில் கட்டுவதால் படகில் எல்லோரும் அதை வாட்ச் என்றுதான் சொல்வோம். நானும் அப்படியே எழுதுகிறேன். அதன் வேலை சிக்கலானதல்ல. எவ்வளவு ஆழத்தில் எவ்வளவு நேரம் இருந்தோம் என்பதை வைத்து, உடம்பில் எவ்வளவு நைட்ரஜன் கரைந்திருக்கும் என்று கணக்கிட்டு, இன்னும் எத்தனை நிமிடம் இருக்கலாம் என்று காட்டும். அந்த நிமிடங்கள் தீருமுன் மேலேற வேண்டும். தீர்ந்த பிறகும் இருந்துவிட்டு நேராக மேலே வந்தால், கரைந்த வாயு குமிழியாகி மூட்டிலோ நரம்பிலோ உட்காரும்.

பதினைந்தாம் தேதி ஞாயிறன்று, என்னோடு இறங்கிய செலினுக்கு அப்படி உட்கார்ந்தது. என் வாட்ச் காட்டிய நிமிடங்களுக்குள்தான் இருவரும் மேலே வந்தோம். சாயங்காலம் அவளுக்குத் தோள்பட்டை வலி, பிறகு வலது கையில் இரண்டு விரல் மரத்துப்போனது. ஆக்சிஜன் வைத்தபடியே சென்னைக்குக் கொண்டுபோனோம். குமிழிகளை மறுபடி கரைக்க அழுத்த அறைக்குள் ஐந்து மணி நேரம் வைத்திருந்தார்கள். வலி போய்விட்டது. விரல்களில் உணர்ச்சி இன்னும் திரும்பவில்லை.

ஆகவே மாற்று வாட்ச் வாங்குவது என்று முடிவு செய்திருக்கிறேன்.

இதை என் டைவ் பதிவேட்டின் பின்பக்கங்களில் எழுதுகிறேன். இடம் நிறைய இருக்கிறது. முன்பக்கத்தில் பதினைந்தாம் தேதிக்கான வரியில் ஆழம், நேரம், தெளிவு எல்லாம் எழுதியாயிற்று. ஒரு கட்டம் காலி.

மோட்டார் ஒரு மணி நேரம் ஓடியும் தொட்டி நிரம்பவில்லை. பிளம்பரிடம் சொல்ல வேண்டும்.


பிப்ரவரி 26, வியாழன்

சென்னைக் கடைக்குப் போன் செய்தேன். இம்ரான் என்ற இளைஞர் பேசினார்.

"பட்ஜெட் சொல்லுங்க மேடம், மாடல் நான் சொல்றேன்."

"அது அப்புறம். ஒரு டைவ் முடிஞ்ச பிறகு கேஸ் செட்டிங் என்ன ஆகும்? அப்படியே இருக்குமா, பழையபடி காத்துக்குத் திரும்பிடுமா?"

"எல்லாரும் கலர் ஸ்க்ரீன் இருக்கான்னு கேப்பாங்க. நீங்க இதைக் கேக்கறீங்க."

"கலர் வேண்டாம். இதைச் சொல்லுங்க."

விசாரித்துவிட்டுத் திரும்ப அழைத்தார். மூன்று மாடல்கள். பெயர்கள் எதற்கு, அ, ஆ, இ என்று வைத்துக்கொள்கிறேன்.

அ: பெரிய திரை. சிலிண்டரில் எவ்வளவு மிச்சம் என்பதையும் கம்பியில்லாமல் காட்டும். விளம்பரத்தில் ஒரு திமிங்கிலச் சுறாவும் இருக்கிறது. அதுவும் சேர்த்துத் தருவார்கள் போல.

ஆ: என்னுடைய பழைய வாட்சின் அடுத்த தலைமுறை. அதே பட்டன்கள். கடைசியாகச் சொன்ன வாயுவை, நாம் மாற்றும்வரை நினைவில் வைத்திருக்கும்.

இ: பார்க்க லட்சணமில்லை. ஒவ்வொரு நாளும் முதல் டைவுக்கு முன் காற்றுக்குத் திரும்பிவிடும். "இன்று என்ன வாயு?" என்று கேட்கும். பதில் சொல்லாமல் அடுத்த திரைக்குப் போக விடாது.

"இதை நிறைய பேர் திருப்பிக் குடுத்துடறாங்க மேடம். சும்மா நொய்நொய்னு கேட்டுக்கிட்டே இருக்குதுன்னு."

இது எனக்காகவே எழுதிக்கொள்ளும் குறிப்பு: சாதாரணக் காற்றில் ஆக்சிஜன் இருபத்தொரு சதவீதம். நைட்ராக்ஸ் என்பது ஆக்சிஜனைக் கூட்டி நைட்ரஜனைக் குறைத்த கலவை. பெரும்பாலும் முப்பத்திரண்டு சதவீதம். நைட்ரஜன் குறைவு என்பதால் அதே ஆழத்தில் கூடுதல் நிமிடங்கள் கிடைக்கும். முதுகில் இருப்பது எந்த வாயு என்பதை நாம்தான் வாட்சுக்குச் சொல்ல வேண்டும். அது முகர்ந்து பார்ப்பதில்லை. சொன்னதை நம்பும்.

மாணவிகளின் விடைத்தாள் கட்டு இன்னும் பிரிக்கப்படவில்லை.


பிப்ரவரி 28, சனி

கல்லூரி முடிந்து முத்தியால்பேட்டையில் செலினின் கிளினிக்குக்குப் போனேன். அவள் பல் மருத்துவர். எட்டு வருடமாக ஞாயிற்றுக்கிழமைகளில் என் டைவ் துணை. மற்ற நாட்களில் என் பற்களைத் திட்டுவாள்.

நோயாளி இல்லை. நாற்காலியில் அவளே சாய்ந்து உட்கார்ந்து, பல்லைக் குத்திப் பார்க்கும் கம்பியால் தன் மோதிர விரலைக் குத்திக்கொண்டிருந்தாள்.

"பாரு வளரு, ரத்தமே வருது. எனக்கு யாரோ பக்கத்து வீட்டுக்காரிய குத்தற மாதிரி இருக்கு."

"குத்தாத."

"டெஸ்ட் பண்றேன்டி. நீ பண்ணா சயின்ஸ், நான் பண்ணா பைத்தியமா?"

பல்லைக் குடையும்போது மோதிர விரலைப் பக்கத்துப் பல்லில் ஊன்றிக்கொள்வார்களாம். அந்த ஊன்றலில் உணர்ச்சி இல்லாவிட்டால் கருவி எங்கே வழுக்குகிறது என்று தெரியாது. இரண்டு வாரமாக அவள் பார்க்க மட்டும் செய்கிறாள். குடைவது, பிடுங்குவது எல்லாம் ஜூனியர். கையுறையைக்கூட உதவியாளர் தேன்மொழிதான் இழுத்துவிடுகிறாள்.

"விரல் வந்துடும்னு டாக்டர் சொல்றாரு. ரெண்டு மூணு மாசம். எனக்கு அது பயமில்ல. இந்த ஹார்ட் டெஸ்ட்தான்."

"என்ன டெஸ்ட்?"

"ரெண்டு பேரும் ஒரே டைவ், லிமிட்டுக்குள்ளதான் இருந்திருக்கீங்க. ஒருத்திக்கு வந்து ஒருத்திக்கு வரலன்னா உள்ள ஏதோ இருக்கணும்கறாரு. இதயத்துல பொறந்ததுலேர்ந்தே சின்னதா ஓட்டை இருந்தா, குமிழி அது வழியா தாண்டிடுமாம். தொண்டை வழியா டியூப் விட்டுப் பாக்கணும். பன்னெண்டாம் தேதி."

"இருந்தா?"

"தொடை வழியா கம்பி விட்டு, குடை மாதிரி ஒண்ண உள்ள விரிச்சு மூடிடுவாங்களாம். மழையில்லாமலே குடை." சிரித்தாள். பிறகு, "ரோஸ்லினுக்குச் சொல்லல. சொன்னா லியோன்லேர்ந்து அடுத்த ப்ளைட்ல வந்து நிப்பா."

ரோஸ்லின், வெளிநாட்டில் இருக்கும் அவள் மகள்.

வீட்டுக்கு வந்து படித்தேன். அந்த ஓட்டை ஏறக்குறைய நான்கு பேரில் ஒருவருக்கு இருக்கிறது. பெரும்பாலோருக்கு அதனால் ஒன்றும் ஆவதில்லை. இருப்பதே தெரியாமல் வாழ்ந்து முடிக்கிறார்கள். தேடினால் கிடைக்க நான்கில் ஒரு வாய்ப்பு. கிடைத்துவிட்டால் பழி அதன் மேல் விழும்.

"லிமிட்டுக்குள்ள" என்று டாக்டரிடம் சொன்னது நான்தான். வாட்ச் காட்டியதைச் சொன்னேன்.


மார்ச் 1, ஞாயிறு

கடலுக்குப் போகவில்லை. பிளம்பரும் வரவில்லை.


மார்ச் 3, செவ்வாய்

பூபாலன் அழைத்திருந்தார். தேங்காய்த்திட்டுத் துறைமுகத்துக்குப் பக்கத்தில் டைவ் சென்டர் நடத்துபவர். மீன்பிடித்த குடும்பம். படகும் சிலிண்டர்களும் அவருடையவை. அன்று எங்களைக் கூட்டிப்போனதும் அவர்தான்.

சென்டர் வாசலில் வெட்சூட் எனும் டைவ் உடைகள் காய்ந்து விறைத்துத் தொங்கின. கடந்த இரண்டு ஞாயிறும் படகு போகவில்லையாம்.

"வாட்ஸப் குரூப்புல எவனோ போட்டுட்டான் மேடம், பூபாலன் சிலிண்டர்ல கெட்ட காத்துன்னு. ஒரு டாக்டரம்மாவையே படுக்க வெச்சிட்டான்னு. புக்கிங் பண்ணவன்லாம் எஸ்கேப்பு."

"காத்துல பிரச்சினை இருந்தா அறிகுறி வேற மாதிரி இருக்கும். இது அது இல்ல."

"அத்த நீங்க சொல்றீங்க. குரூப்புல எவன் கேக்கறான்? அதான் லேபுக்கே குட்த்துட்டேன். அன்னிக்கு டாக்டரம்மா போட்ட சிலிண்டரு, மிச்ச காத்து அப்படியே கீது. நீங்க கெமிஸ்ட்ரி. படிச்சுப் பாத்து சொல்லுங்க, ஒண்ணியும் இல்லல்ல?"

ஆய்வறிக்கையைப் படித்தேன். எண்ணெய் இல்லை. கார்பன் மோனாக்சைடு இல்லை. ஈரப்பதம் வரம்புக்குள். ஆக்சிஜன் 20.9.

"நல்ல காத்துதான்" என்றேன்.

"அப்போ உங்க வாட்ச்சுதான் மேடம் மக்கர் பண்ணிக்கீது. கம்பெனிக்காரன விடாதீங்க. ஆமா, அத்த யார்கிட்டயாவது காட்டினீங்களா? உள்ள எல்லாம் பதிவாயிருக்குமே."

புதிது வாங்கப்போகிறேன் என்று சொன்னேன். அது அவர் கேள்விக்குப் பதில் அல்ல. அவருக்கும் அது தெரிந்திருக்கும். டீ வாங்கிவர எழுந்தார். நான் வகுப்பு இருக்கிறது என்று கிளம்பிவிட்டேன். செவ்வாய் மதியம் எனக்கு வகுப்பு கிடையாது.


மார்ச் 4, புதன்

இரண்டாமாண்டுக்கு டால்டனின் பகுதியழுத்த விதி. இருபத்து மூன்று வருடமாக நடத்துகிறேன். கலவையில் ஒவ்வொரு வாயுவும் தன் பங்குக்கான அழுத்தத்தைத் தரும். பங்கைத் தவறாக எடுத்துக்கொண்டால் அதற்குப் பிறகு வரும் ஒவ்வொரு எண்ணும் தவறு, கணக்கு எவ்வளவு சரியாகப் போடப்பட்டிருந்தாலும். கரும்பலகையில் இதை எழுதி அடிக்கோடிட்டேன். முன்வரிசையில் ஒரு பெண் அதைத் தன் நோட்டில் கட்டம்போட்டு எழுதிக்கொண்டாள்.

எழுதிவிடுகிறேன்.

ஜனவரியில் நான் தனியாக அந்தமான் போனேன். அங்கே நான்கு நாள் நைட்ராக்ஸ். வாட்சில் 32 என்று வைத்தேன். திரும்பி வந்து மாற்றவில்லை. பிப்ரவரி பதினைந்தாம் தேதி எங்கள் முதுகில் இருந்தது பூபாலனின் 20.9. வாட்ச் கணக்கிட்டது 32-க்கு. இருபத்தைந்து மீட்டரில் நாற்பத்தொரு நிமிடம் இருந்தோம். காற்றுக்கு அங்கே முப்பது நிமிடம்கூடக் கிடையாது. இரண்டாவது டைவும் அதே கணக்கில்.

செலினின் வாட்சில் பேட்டரி போய்விட்டதைப் படகில்தான் பார்த்தோம். அவள் மேலேயே இருந்துவிடுகிறேன் என்றாள். நான்தான், "என்னோடது போதும், ஒரே ஆழம்தானே" என்றேன். அது செய்யக்கூடாதது என்று இருவருக்கும் தெரியும். ஆளுக்கொரு வாட்ச் என்பது முதல் வகுப்பிலேயே சொல்லித்தருவது.

எங்களுக்குள் ஒரு பழக்கம் உண்டு. குதிக்குமுன் ஒருவர் மணிக்கட்டை மற்றவர் பிடித்து, எதிராளியின் திரையைச் சத்தமாக வாசிப்போம். அவரவர் திரையை அவரவர் வாசித்தால் கண் பழக்கத்தில் தாண்டிவிடும் என்பது செலின் சொன்னது. எட்டு வருடத்தில் ஒருமுறைகூட விடவில்லை. அன்று அவள் கையில் வாட்ச் இல்லை. நான் வாசிக்க ஒன்றும் இல்லை. "இன்னிக்கு லீவு" என்று அவள் வெறும் மணிக்கட்டை ஆட்டிக் காட்டினாள். படகில் எல்லோரும் சிரித்தார்கள். நான் என் கையை நீட்டவில்லை.

அவள் எப்போதும் என்னைவிட இரண்டு மூன்று மீட்டர் கீழேதான் நீந்துவாள், பாறை இடுக்குகளைப் பார்த்துக்கொண்டு. எனக்கு ஏன் வரவில்லை என்பதற்கு இது ஒரு காரணமாக இருக்கலாம். அதிர்ஷ்டம் என்பது காரணம் ஆகாது.

வாட்சில் பழுதில்லை.


மார்ச் 6, வெள்ளி

இம்ரான் போன் செய்தார்.

"மேடம், ஒரு குட் நியூஸ். பழைய வாட்ச் எக்ஸ்சேஞ்ச் ஆஃபர் போட்டிருக்கோம். எந்த கண்டிஷன்ல இருந்தாலும் எடுத்துக்கறோம். கொரியர் ஆளே திங்கக்கிழமை வீட்டுக்கு வந்து வாங்கிப்பாரு."

"வாங்கி என்ன பண்ணுவீங்க?"

"ஃபுல்லா அழிச்சிட்டு ரீசெட் பண்ணி, ட்ரைனிங் சென்டருக்கு அனுப்பிடுவோம். உங்க டேட்டா எதுவும் இருக்காது, அந்தக் கவலையே வேண்டாம்."

கவலையே வேண்டாம்.

யோசித்துச் சொல்கிறேன் என்றேன். ஐந்து நிமிடம் கழித்து நானே கூப்பிட்டு, திங்கட்கிழமை ஆளை அனுப்பச் சொன்னேன். எந்த மாடல் என்று கேட்டார். இ என்று சொல்ல வாயெடுத்தேன், அதன் உண்மையான பெயர் சட்டென்று நினைவுக்கு வரவில்லை. நொய்நொய் என்று கேட்பது என்றேன். புரிந்துகொண்டார்.

பிளம்பர் வந்தார். மோட்டாரில் ஒன்றுமில்லையாம். வால்வு பாதி மூடியிருந்திருக்கிறது. போன மாதம் தொட்டி கழுவியபோது நான்தான் மூடினேன். "கை செஞ்ச தப்பு மேடம், மோட்டார் என்ன பண்ணும்" என்று சொல்லிவிட்டுப் போனார்.


மார்ச் 8, ஞாயிறு

சர்ச்சில் பூசை முடிந்து செலின் வந்தாள். வெள்ளைப் புடவை. கையில் நெய்த சிறு பை. உள்ளே அவளுடைய வாட்ச்.

"பேட்டரி மாத்திட்டேன். இந்தா."

"எதுக்கு?"

"எதுக்குன்னா? நீ ஊரெல்லாம் விசாரிச்சிட்டிருக்கியாமே. பூபாலன் சொன்னாரு. இது நல்லாத்தான் இருக்கு, மூணு வருஷம்கூட ஆகல. உன் வாட்ச் பழசாச்சு, என் உடம்பு போச்சு. நல்ல வாட்சும் நல்ல உடம்பும் ஒண்ணா இருக்கட்டும்."

"உன் உடம்புக்கு ஒண்ணும் ஆகல."

"உனக்கு எப்படித் தெரியும்? பன்னெண்டாம் தேதி அவங்க பாத்துட்டுச் சொல்லணும். ஓட்டை இருந்தாலும் இல்லாட்டியும் நான் இனி எறங்கறதா இல்ல வளரு. அன்னிக்கு நீ கரெக்டா இருந்த, நானும் கரெக்டா இருந்தேன், அப்படியும் வந்துச்சே. எதனாலன்னு தெரிஞ்சா திருத்திக்கலாம். தெரியாதத எப்படித் திருத்தறது? வெட்சூட்ட பூபாலன்கிட்ட குடுத்துட்டேன், வாடகைக்கு விட்டுக்கட்டும்னு."

இந்த இடத்தில் நான் பேசியிருக்க வேண்டும். வாக்கியம் தயாராக இருந்தது. எழுந்து டீ போடப் போனேன்.

டீயைக் குடித்துவிட்டு, "சக்கரை போடலையே" என்றாள். எழப்போனேன். "பரவாயில்ல உக்காரு, பல்லுக்கு நல்லது" என்றாள்.

போகும்போது வாசலில் என் கையைப் பிடித்து அந்த வாட்சைத் தானே கட்டிவிட்டாள். மரத்த விரல்களால் பட்டையைத் துளையில் மாட்ட நேரமாயிற்று. நான் உதவப்போனபோது கையைத் தட்டிவிட்டாள். மூன்றாவது முயற்சியில் மாட்டியது. திரையைப் பார்த்துச் சத்தமாக வாசித்தாள். "காற்று. இருபத்தொண்ணு. பேட்டரி முழுசு. போ, குதி."

அவள் தெருமுனை திரும்பியதும் கழற்றி வைத்தேன்.


மார்ச் 9, திங்கள்

பழைய வாட்சை அட்டைப்பெட்டியில் வைத்து, பேப்பர் சுற்றி, டேப் ஒட்டினேன். கடை முகவரி எழுதினேன். கொரியர் ஆள் பதினொன்றரைக்கு வந்தார். இதற்காகக் கல்லூரிக்கு அரை நாள் விடுப்பு எடுத்திருந்தேன்.

"பார்சல் மேடம்?"

"ரெடியா இல்ல."

பெட்டி அவருக்கு நேர் எதிரே மேசையில்தான் இருந்தது. அவர் அதைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். "கேன்சல்னு போட்டுக்கட்டுமா?" என்றார். போட்டுக்கொள்ளச் சொன்னேன். தண்ணீர் கேட்டு வாங்கிக் குடித்துவிட்டுப் போனார்.

பெட்டியைப் பிரிக்கக் கத்தரிக்கோல் தேவைப்பட்டது. தேவைக்கு மேல் டேப் ஒட்டியிருக்கிறேன்.


மார்ச் 10, செவ்வாய்

செலினிடம் நாளை காலை வருகிறேன் என்று சொல்லியிருக்கிறேன். ஒன்பதரை மணி, முதல் நோயாளிக்கு முன்.

ஆய்வகத்தில் மாணவிகளிடம், சோதனைக்கு முன்பே எதிர்பார்ப்பை எழுதிவைக்கச் சொல்வேன். முடிவு தெரிந்த பிறகு எழுதினால், எல்லாம் எதிர்பார்த்ததே என்று தோன்றிவிடும். எனவே:

ஒன்று. அவள் கத்துவாள். சாத்தியம் அதிகம். அவள் கோபம் சீக்கிரம் வரும், சீக்கிரம் போகும்.

இரண்டு. அழுவாள். குறைவு. அழுத்த அறைக்குள் போனபோதும் அழவில்லை. கண்ணாடி வழியாக என்னைப் பார்த்து நாக்கை நீட்டினாள்.

மூன்று. "போனா போகுது விடு" என்பாள். இது நடக்க வேண்டும் என்று நான் விரும்புவதால், இதற்கு மதிப்பெண் தரப்போவதில்லை.

சொல்ல வேண்டியது இரண்டு வாக்கியம். எழுதிப் பார்த்தேன். முதல் வரைவில் "வாட்ச் 32-இல் இருந்துவிட்டது" என்று இருந்தது. வாட்ச் எங்கும் போய் இருந்துவிடவில்லை. "நான் மாற்றவில்லை" என்று திருத்தினேன்.

விடைத்தாள்கள் முடிந்தன. இரண்டு பேர் பகுதியழுத்தக் கணக்கில் பங்கைத் தவறாக எடுத்து, மீதியைச் சரியாகப் போட்டிருக்கிறார்கள். வழிமுறைக்குப் பாதி மதிப்பெண் தருவது என் வழக்கம். இருவருக்கும் தந்தேன்.


மார்ச் 11, புதன்

நடந்தது இது.

ஒன்பது இருபதுக்குப் போய்ச் சேர்ந்தேன். தேன்மொழி தரை துடைத்துக்கொண்டிருந்தாள். செலின் உள்ளே கருவிகளை அடுக்கிக்கொண்டிருந்தாள், இடது கையால். இரண்டு வாட்சுகளையும் எடுத்து, அவள் கருவித் தட்டில் வைத்தேன். இரண்டு வாக்கியத்தையும் சொன்னேன். நின்றுகொண்டே சொன்னேன்.

அவள் கத்தவில்லை. "காட்டு" என்றாள்.

பட்டனை அழுத்தி, பதினைந்தாம் தேதியின் பதிவைக் காட்டினேன். மூக்குக் கண்ணாடியை நெற்றியிலிருந்து இறக்கிப் படித்தாள். எப்போதும் போலச் சத்தமாக.

"ஆழம் இருபத்தஞ்சு. நேரம் நாப்பத்தொண்ணு. வாயு முப்பத்திரெண்டு."

வெளியே தேன்மொழி வாளியை நகர்த்தும் சத்தம்.

"அப்போ என் உடம்புல ஒண்ணும் இல்ல."

"எனக்குத் தெரிஞ்சு இல்ல. அந்த நேரத்துக்கு யாருக்கு வேணும்னாலும் வந்திருக்கும்."

"நாளைக்கு என் தொண்டைல டியூப் விட இருந்தாங்கடி."

அவள் போனை எடுத்துச் சென்னை டாக்டரை அழைத்து, ஸ்பீக்கரில் போட்டு என் முன்னால் நீட்டினாள். "நீயே சொல்லு."

சொன்னேன். ஆழம், நேரம், இரண்டு சதவீதங்கள். மறுமுனையில் எழுதிக்கொள்வது தெரிந்தது. இது முழுக்க வேறு விஷயம், நாளைய பரிசோதனைக்கு இப்போது அவசரமில்லை, பதிவை அனுப்புங்கள், விரல்கள் திரும்பிய பிறகு பார்ப்போம் என்றார். குரலில் கோபம் இல்லை. வைக்கப்போகும்போது கேட்டார்:

"ஒரு விஷயம் மேடம். அன்னைக்கு லிமிட்டுக்குள்ளன்னு சொன்னீங்களே, அப்போ வாட்ச்ல பதிவைப் பாக்கலையா?"

பார்க்கவில்லை என்று சொல்லியிருக்கலாம். நேற்று எழுதிவைத்த இரண்டு வாக்கியத்தில் இது இல்லை. இந்த நோட்டிலும் இதுவரை இல்லை.

"பாத்தேன். அவ உள்ள இருந்தப்போ, வராண்டால உக்காந்து பாத்தேன். பாத்துட்டுத்தான் சொன்னேன்."

அவர் சரி என்றார். போன் அணைந்தது.

செலின் என்னைப் பார்க்கவில்லை. தட்டில் இருந்த இரண்டு வாட்சுகளையும் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இருபத்திநாலு நாள்" என்றாள். எண்ணியிருக்கிறாள். "அந்த பூபாலன ஊரே கழுவி ஊத்துது. நான் என் ஹார்ட்ட சந்தேகப்பட்டுக்கிட்டு கோயில்ல மெழுகுவத்தி ஏத்திட்டு வரேன். நீ சக்கரை போடாம டீ குடுக்கற."

"ஆமா."

"ஆமாவாம்."

என் பழைய வாட்சை எடுத்து மேசை இழுப்பறையில் வைத்தாள். "இது டாக்டருக்கு அனுப்பணும். பூபாலனுக்கும் காட்டணும். இல்ல, அவருக்கு நீயே போய்ச் சொல்லு. இன்னிக்கே. குரூப்புலயும் நீயே போடு, உன் பேர் போட்டு." பிறகு தன் வாட்சை எடுத்து, இடது கையால் வலது மணிக்கட்டில் கட்டப் பார்த்தாள். ஒரே முயற்சியில் மாட்டிவிட்டாள். "இத நான் வெச்சுக்கறேன். விரல் வந்ததும் எனக்கு வேணும். வெட்சூட்ட திருப்பி வாங்கணும்."

"சரி."

"நீ உனக்கு ஒண்ணு வாங்கிக்கோ."

நோயாளி வந்துவிட்டார். ஐம்பது வயதுக்காரர், கன்னத்தைப் பிடித்தபடி. செலின் கையுறைப் பெட்டியை நோக்கித் திரும்பினாள். நான் பெட்டிக்குப் பக்கத்தில்தான் நின்றிருந்தேன். ஒன்றை உருவி நீட்டினேன். அவள் வாசல் பக்கம் பார்த்து, "தேன்மொழி, கை துடைச்சிட்டு வாம்மா" என்றாள். தேன்மொழி வந்து என் கையிலிருந்து கையுறையை வாங்கி, அவளுக்குப் போட்டுவிட்டாள்.

அங்கிருந்து நேராகத் தேங்காய்த்திட்டுக்குப் போனேன். பூபாலன் முழுவதையும் கேட்டார். "குரூப்புல போடுங்க மேடம், நான் பாத்துட்டிருக்கேன்" என்று போனைக் கையில் எடுத்துக்கொண்டார். அவர் எதிரிலேயே அடித்து அனுப்பினேன். இரண்டு முறை படித்துப் பார்த்தார். டீ சொல்லவில்லை.

வீட்டுக்கு வந்து இம்ரானை அழைத்து, பார்சல் தராவிட்டாலும் இ மாடலை வாங்கிக்கொள்வதாகச் சொன்னேன். எக்ஸ்சேஞ்ச் உண்டா என்றார். இல்லை என்றேன். சனிக்கிழமை வரும்.

பதிவேட்டின் முன்பக்கத்தைத் திருப்பி, பிப்ரவரி பதினைந்தாம் தேதி வரியில் காலியாக இருந்த கட்டத்தில் எழுதினேன்: காற்று, 20.9.